நிற ஒதுக்கல் காலத்து அமெரிக்கத் தெற்கு: புனைகதையும் வாசகர் எதிர்வினையும்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1890களிலிருந்து 1960களின் நடுப்பகுதிவரை 'ஜிம் குரோ' சட்டங்கள் நடப்பில் இருந்தன. பள்ளி, பேருந்து, உணவகம், மருத்துவமனை என எங்கும் அவை கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்தன. அந்த அநீதியைப் பேசிய கதைகளை யார் வாசித்தார்கள், எதை மெச்சினார்கள், எதைப் பொறுக்க மறுத்தார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. வெள்ளை வாசகருக்கு ஆறுதலும் சேர்த்துத் தந்த நூல்கள் வேகமாகப் பரவின. ஆறுதல் தராதவை அதற்கான விலையைக் கொடுத்தன. கறுப்பின வாசகர்களின் கருத்து பொதுவெளியில் செவிமடுக்கப்பட வெகுகாலம் பிடித்தது.

தொடக்கத்திலேயே இதற்குச் சான்று கிடைக்கிறது. 1898இல் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் கறுப்பின மக்களைக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைக் கவிழ்த்தது. கறுப்பின எழுத்தாளர் சார்லஸ் செஸ்நட் அதை அடிப்படையாக வைத்து 1901இல் 'தி மேரோ ஆஃப் டிரடிஷன்' நாவலை எழுதினார். அதுவரை அவரைப் பாராட்டிவந்த விமர்சகர் வில்லியம் டீன் ஹோவெல்ஸ், நூலில் கசப்பு மிகுந்துவிட்டது என்று எழுதினார். விற்பனையும் கைகொடுக்கவில்லை. செஸ்நட் பழைய சுருக்கெழுத்துத் தொழிலுக்கே திரும்பினார். நடந்த கொலைகளைவிட அவற்றை எழுதியவரின் கசப்பு ஒரு நல்ல வாசகரை உறுத்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். இதே குறை பின்னாலும் பலர்மீது சொல்லப்பட்டது.

தெற்கின் பல நகரங்களில் பொது நூலகங்கள் வெள்ளையருக்கு மட்டுமே திறந்திருந்தன. மெம்பிஸில் வேலை பார்த்த இளைஞரும் பின்னாளில் எழுத்தாளருமான ரிச்சர்ட் ரைட், உடன் வேலை செய்த வெள்ளையர் ஒருவரின் நூலக அட்டையை வாங்கி, அவருக்காகப் புத்தகம் எடுக்க வந்த ஏவலாளைப்போல நடித்தே படித்தார். 1961 மார்ச்சில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில், டூகலூ கல்லூரியின் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் நூலகத்தில் உட்கார்ந்து படித்ததற்காகக் கைதானார்கள். அக்காலத்து வாசகர் எதிர்வினை என்று இன்று கிடைப்பதில் பெரும்பகுதி வெள்ளையர் எழுதிவைத்ததாக இருப்பதில் வியப்பில்லை.

ரைட்டின் முதல் நூல் 'அங்கிள் டாம்ஸ் சில்ட்ரன்' 1938இல் வந்தது. கும்பல் கொலையும் நிலவுரிமைக் கொடுமையும் நிறைந்த தெற்கத்திக் கதைகள் அவை. பாராட்டு குவிந்தது. ஆனால் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன், இதில் வெறுப்பு மட்டுமே இருக்கிறது, தெற்கின் கறுப்பின வாழ்வின் முழுமை இல்லை என்று மதிப்புரை எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலை, வெள்ளையரை மகிழ்விக்கும் எழுத்து என்று ரைட் சாடியிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டது ஒரே கேள்விதான்: யாருக்காக எழுதுகிறாய்?

அந்தக் கேள்வி ரைட்டைக் கடுமையாகத் தைத்தது. வசதியான வீட்டுப் பெண்கள் தன் கதைகளைப் படித்து அழுது, அழுததாலேயே மனம் லேசாகிவிடுகிறார்கள் என்பதைக் கண்டு, அடுத்த நூலில் வாசகருக்குக் கண்ணீரின் ஆறுதலைக்கூடத் தரமாட்டேன் என்று உறுதி பூண்டதாக அவர் 1940இல் எழுதினார். அந்த அடுத்த நூலே 'நேட்டிவ் சன்'. கதைக்களம் சிகாகோ என்றாலும் நாயகன் பிக்கர் தாமஸ் மிசிசிப்பியிலிருந்து வந்தவன். புத்தகச் சங்கம் ஒன்று சில பகுதிகளை நீக்கச் சொல்லி, அதன்பின் உறுப்பினர்களுக்கு அனுப்பியது. மூன்று வாரங்களில் இரண்டு லட்சம் படிகளுக்கு மேல் விற்றன. கண்ணீரைப் பற்றிய ரைட்டின் அந்தக் கவலை இத்தகைய கதைகளின் வாசிப்பு வரலாறு முழுவதையும் புரிந்துகொள்ள உதவுகிறது. 1949இல் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் எதிர்ப்பு நாவல் என்ற வகையையே கேள்விக்குள்ளாக்கியதும் இதன் தொடர்ச்சியே.

லில்லியன் ஸ்மித்தின் 'ஸ்டிரேஞ்ச் ஃபுரூட்' (1944) ஜார்ஜியாவின் சிற்றூர் ஒன்றில் நடக்கும் காதலையும் கும்பல் கொலையையும் சொல்வது. பாஸ்டனில் ஆபாசம் என்று தடை செய்யப்பட்டது; தபால் துறையும் சிறிது காலம் ஏற்க மறுத்தது. அதிபரின் மனைவி எலனோர் ரூஸ்வெல்ட்டின் தலையீட்டால் தபால் துறையின் தடை விலகியது. ஒரு மனிதரை உயிரோடு எரிப்பதைச் சொன்ன நூலில், கறுப்பினப் பெண்ணும் வெள்ளை ஆணும் காதலிப்பதே அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960 ஜூலை 11 அன்று வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு, கதைக்களமான அலபாமாவில், கறுப்பு முயலும் வெள்ளை முயலும் மணந்துகொள்ளும் குழந்தைகள் படநூலைப் பொது அலமாரியிலிருந்து விலக்கும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்திருந்தது. அந்தச் சூழலில், பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய கறுப்பினத்தவர் டாம் ராபின்சனுக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபின்ச்சின் கதை 1961இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1962இல் திரைப்படம் வந்தது. அட்டிகஸாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. நாவல் நான்கு கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அட்டிகஸைப் படித்துத்தான் சட்டம் பயின்றோம் என்று சொன்ன வழக்கறிஞர்கள் ஏராளம். அலபாமா வழக்கறிஞர் மன்றம் 1997இல், கற்பனை மனிதரான அவருக்கு மன்ரோவில் நகரில் நினைவுக்கல்லே நட்டது.

1966இல் வர்ஜீனியாவின் ஹனோவர் மாவட்டப் பள்ளி வாரியம் நூலை ஒழுக்கக்கேடானது என்று விலக்கியபோது, லீ கேலியும் கோபமும் கலந்த கடிதம் ஒன்றை ரிச்மண்ட் நாளிதழுக்கு எழுதினார். அந்நாளிதழின் ஆசிரியர் ஜேம்ஸ் கில்பாட்ரிக், கேட்ட மாணவர்களுக்கு இலவசப் படிகள் அனுப்பினார். அவரோ பள்ளிகளில் இன ஒதுக்கல் நீடிக்க வேண்டும் என்று தலையங்கங்கள் எழுதி இயக்கம் நடத்தியவர். ஒதுக்கலை ஆதரித்த ஒருவரே அக்கறையோடு பரப்பும் அளவுக்கு இந்த நாவல் அவரைப் போன்றோரைக் காயப்படுத்தாமல் இருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. நூலின் மனிதநேயம் உண்மையானது. அதன் எல்லையும் உண்மையானது.

அந்த எல்லையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் கறுப்பினப் பெற்றோர் இருந்தனர். 1981இல் இண்டியானாவின் வாரன் பகுதிப் பள்ளிகளில், நல்ல இலக்கியம் என்ற போர்வையில் அமைப்புசார் இனவெறியே இதில் உள்ளது என்று எதிர்ப்புத் தெரிவித்தும் நூல் நீக்கப்படாததால், மூன்று கறுப்பினப் பெற்றோர் மனித உறவு ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். இழிசொல் ஒன்று திரும்பத் திரும்ப வரும் பக்கங்களை, வெள்ளை மாணவர்கள் நிறைந்த வகுப்பில் சத்தமாகப் படிக்கும்போது அங்கே அமர்ந்திருக்கும் கறுப்பினப் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பது அதுவரை பெரிதாகக் கேட்கப்படாத கேள்வி. கதையை நகர்த்துவது வெள்ளைச் சிறுமியின் பார்வை. டாம் ராபின்சனின் மனைவி மக்கள் நமக்கு அரைகுறையாகவே தெரியவருகிறார்கள். கறுப்பின நாவலாசிரியர் டோனி மோரிசனும் இதை வெள்ளை மீட்பரின் கதை என்றே கருதினார்.

1992இல் சட்டப் பேராசிரியர் மன்ரோ ஃப்ரீட்மன், சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த அட்டிகஸ் ஒதுக்கலை மாற்ற ஒரு விரலையும் அசைக்கவில்லையே என்று எழுதினார். வழக்கறிஞர்கள் கொதித்தனர், அமெரிக்க வழக்கறிஞர் சங்கத் தலைவரே மறுப்பு எழுதினார். 2015இல் லீயின் பழைய வரைவான 'கோ செட் எ வாட்ச்மேன்' வெளியாகி, முதியவரான அட்டிகஸ் ஒதுக்கல் ஆதரவாளர்களின் கூட்டத்தில் அமர்ந்திருப்பதைக் காட்டியபோது, ஃப்ரீட்மனின் வாதம் பலருக்குப் புதிதாக உறைத்தது. முதல் வாரத்தில் வட அமெரிக்காவில் 11 லட்சம் படிகள் விற்றன. பிள்ளைக்கு அட்டிகஸ் என்று பெயர் வைத்திருந்தவர்களின் வருத்தம் செய்தியானது.

கறுப்பினக் குடும்பத்தின் உள்ளிருந்து தெற்கைச் சொன்ன நூல்களில் மில்ட்ரெட் டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' (1976) முதன்மையானது. 1977இல் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்ற இந்நூலும் பள்ளிகளில் எதிர்ப்பைச் சந்தித்தது. தன் குடும்பத்தார் பட்ட அவமானச் சொற்களை மென்மையாக்க முடியாது என்று டெய்லர் பின்னாளில் விளக்கினார். வெள்ளை எழுத்தாளர் கேத்ரின் ஸ்டாக்கெட்டின் 'தி ஹெல்ப்' (2009) பெருவெற்றி கண்டபோது, கறுப்பினப் பெண் வரலாற்றாசிரியர்கள் சங்கம் 2011இல் திறந்த அறிக்கை வெளியிட்டது. வீட்டு வேலை செய்த கறுப்பினப் பெண்கள் சந்தித்த பாலியல் அத்துமீறலையும் அவர்களின் உரிமைப் போராட்டத்தையும் கதை மறைக்கிறது என்பது அதன் குற்றச்சாட்டு.

லீயின் நாவல் மீதான வாதம் அதன்பின்னும் ஓயவில்லை. 2017இல் மிசிசிப்பியின் பிலாக்சி நகரப் பள்ளிகள், சிலருக்குச் சங்கடம் தருகிறது என்று அதைப் பாடத்திலிருந்து எடுத்து, பின்னர் பெற்றோர் ஒப்புதலோடு அனுமதித்தன. 2022 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் முகில்டியோ பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பின் கட்டாயப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. அங்கே கோரிக்கை வைத்தவர்கள் ஆசிரியர்கள். விரும்பும் ஆசிரியர் அதைத் தொடர்ந்து கற்பிக்கலாம் என்றும் அப்போது முடிவானது.