சுண்ணாம்பு காத்த சோழர் ஓவியம்

சேலம் மாவட்டத்துச் சங்ககிரிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கல்லைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் விட்டால் அது கொதித்து நீறுகிறது. சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. இந்த எளிய மாற்றமே ஆயிரம் ஆண்டு ஓவியம் ஒன்றைக் காத்தது என்றால் வியப்பாக இல்லையா?

முதலில் சில சொற்களை அறிந்துகொள்வோம். நிறம் தரும் பொடி 'நிறமி' எனப்படும். காவிக்கல், கரி ஆகியவற்றின் பொடிகள் நிறமிகளே. நிறமி தானாகச் சுவரில் ஒட்டாது. அதை ஒட்டவைப்பது 'பிணைப்பி'. பிசினும் வஜ்ஜிரமும் பிணைப்பிகள். அவற்றில் குழைத்த வண்ணத்தைக் காய்ந்த சுவரில் தீட்டுவது 'டெம்பரா' முறை. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, நிறமியை வெறும் நீரில் கலந்து தீட்டுவது 'ஃபிரெஸ்கோ' முறை. இத்தாலிய மொழியில் இச்சொல்லுக்குப் 'புதியது' என்று பொருள். இதற்குப் பசை வேண்டியதில்லை. சுண்ணாம்பு இறுகும்போது நிறமித் துகள்களையும் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. ஆனால் பூச்சு காயும் முன் வேலையை முடித்தாக வேண்டும். பிழையை அழித்துத் திருத்துவதும் கடினம். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறமிகளே இதற்கு ஏற்றவை.

1931ஆம் ஆண்டில், தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையில், எஸ்.கே. கோவிந்தசாமி சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தார். மேலே நாயக்கர் கால ஓவியம். அது உதிர்ந்த இடங்களில், அடியில் வேறோர் ஓவியம்! அதை எம்முறையில் தீட்டினார்கள்? கண்ணால் பார்த்துச் சொல்லிவிட இயலாது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் அதை ஆராய்ந்தார். பசை எதுவும் அதில் காணப்படவில்லை. சுண்ணாம்பே நிறமிகளைப் பிணைத்திருந்தது. ஆகவே அது ஃபிரெஸ்கோ என்று அவர் முடிவு கூறினார். மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண், கரி என அதிலிருந்த நிறமிகளும் காரத்தைத் தாங்குபவையே.

முறையை அறிவதால் என்ன பயன்? பசையால் ஒட்டிய வண்ணம் நீர் பட்டால் கரைந்துபோகலாம். நன்கு இறுகிய ஃபிரெஸ்கோ எளிதில் கரையாது. நோயறியாமல் மருந்து தரலாமா? முறை அறியாமல் ஓவியத்தைத் துடைப்பதும் அப்படித்தான்.

ஆகவே மாணவ நண்பர்களே, சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய கோயில் எதிலேனும் சுவரில் மங்கிய வண்ணம் தென்பட்டால், ஈரத்துணியால் துடைத்துப் பார்க்காதீர்கள். வெள்ளையடிக்கும் முன்பே கோயில் பொறுப்பாளரிடமும் தொல்லியல் துறையினரிடமும் சொல்லுங்கள். ஓவியத்துக்கு அடியிலிருந்து அதைக் காக்கும் அதே சுண்ணாம்பு, மேலே பூசினால் அதை மறைத்துவிடும்.