இந்திய தேசியக் கால்பந்து லீக்: ஆலை அணிகளிலிருந்து நகர அணிகளுக்கு

இந்தியாவில் நாடு தழுவிய கால்பந்து லீக் 1996ஆம் ஆண்டில் தொடங்கியது. தேசியக் கால்பந்து லீக், ஐ-லீக், இந்தியன் சூப்பர் லீக் என்று மூன்று பெயர்களில் அது வளர்ந்து வந்திருக்கிறது. மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான்: பந்து ஆடுகிறவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? முதலில் ஆலையும் வங்கியும் ரயில்வேயும் கொடுத்தன. பிறகு கிளப் கொடுத்தது. இந்தக் கைமாற்றத்தை ஓசூர்–கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்திலிருந்து பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தியாவின் பழைய ஆலை அணிகளும் இருந்தன, புதிய கிளப்புகளில் வலுவான ஒன்றும் இருக்கிறது. இந்தப் பக்கம் ஆலைகள் நிறைய. தேசிய லீக்கில் ஆடிய அணி ஒன்றுகூடக் கிடையாது.

லீக்குக்கு முந்தைய காலம்

இங்கிலாந்தில் 12 கிளப்புகள் சேர்ந்து உலகின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கியது 1888இல். அதே ஆண்டில்தான் சிம்லாவில் டூரண்ட் கோப்பையும் தொடங்கியது. ஆனால் லீக் என்ற வடிவம் தேசிய அளவில் இங்கே வர 108 ஆண்டுகள் ஆயின. அதுவரை இந்தியக் கால்பந்து கோப்பைப் போட்டிகளால் ஆனது: பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை, கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, மாநிலங்களுக்கு இடையே 1941 முதல் சந்தோஷ் டிராபி. 1911இல் மோகன் பாகான் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஷீல்டை எடுத்த கதை எல்லோரும் அறிந்தது. 1937இல் ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலாக ஓர் இந்திய அணி வென்றது என்பதும், அது பெங்களூர் முஸ்லிம்ஸ் என்பதும், அடுத்த ஆண்டும் அவர்களே வென்றார்கள் என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

பெங்களூரு தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியின் கால்பந்தில் தமிழர் பங்கு பெரிது. அல்சூரை ஒட்டிய கௌதம்புரத்தில் இன்றும் தமிழ்தான் பேச்சு. தெருவில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். ஈஸ்ட் பெங்காலின் ‘பஞ்ச பாண்டவர்’ எனப்பட்ட முன்வரிசையில் தன்ராஜும் அகமது கானும் பெங்களூரிலிருந்து போனவர்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகம், 1970களில் மோகன் பாகானுக்கு ஆடிய உலகநாதன் ஆகியோரும் இந்த வழியில் கல்கத்தாவுக்கு ரயில் ஏறியவர்களே. காரணம் எளிது. புகழ் கல்கத்தாவில் கிடைத்தது. வேலை மட்டும் ஊரிலேயே கிடைத்தது.

வேலை கொடுத்த அணிகள்

பெங்களூரின் பொதுத்துறை ஆலைகள் வெறும் ஆலைகளாக எழவில்லை. 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1954இல் பி.இ.எல்., 1964இல் பி.இ.எம்.எல். என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, மைதானம் எல்லாவற்றோடும் வந்தன. நன்றாக ஆடும் பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், சீசன் வந்தால் ‘ஆன் டியூட்டி’. கால் உடைந்தாலும் வேலை உடையாது; ஓய்வூதியமும் உண்டு. சென்னையில் இதே ஏற்பாட்டை ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்றவை நடத்தின.

இந்த முறையின் உச்சம் 1977. அந்த ஆண்டு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கிளப்புகளுக்கான முதல் தேசியப் போட்டியான ஃபெடரேஷன் கோப்பையை எர்ணாகுளத்தில் நடத்தியது. இறுதியில் மோகன் பாகானை 1-0 என்று வென்றது தொலைபேசி செய்யும் தொழிலாளர்களின் அணி, பெங்களூர் ஐ.டி.ஐ.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும், சில ஆண்டுகள் கழித்து டைட்டனும் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. ஆனால் இவை நகரியத்தையும் மைதானத்தையும் சேர்த்தே கட்டிய பழைய பொதுத்துறை வகை ஆலைகள் அல்ல. தொழிலாளர்கள் ஊருக்குள் வாடகைக்கு இருந்தார்கள், மூன்று ஷிஃப்ட்டில் வந்துபோனார்கள். பெரிய ஆலையைச் சுற்றிச் சிறு உதிரிபாகப் பட்டறைகள் முளைத்தன. அங்கே ‘ஆன் டியூட்டி’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓசூரில் கால்பந்து அணி எழாததற்கு ஆர்வமின்மையைக் குறை சொல்வதைவிட, ஆலை அணிகளின் காலம் மங்கத் தொடங்கியபோது இங்கே ஆலைகள் வந்தன என்று சொல்வதே பொருத்தம்.

தேசியக் கால்பந்து லீக் (1996–2007)

முதல் தேசிய லீக்கின் முதல் கோப்பையை வென்றதும் ஓர் ஆலை அணிதான்: பஞ்சாப் பக்வாராவின் ஜே.சி.டி. பஞ்சாலை. அதன் முன்கள வீரர் பாய்ச்சுங் பூட்டியா 14 கோல் அடித்தார். அடுத்த பருவத்தில் அதிக கோல் அடித்தவர் தமிழ்நாட்டின் ராமன் விஜயன், எஃப்.சி. கொச்சினுக்காக 10 கோல். அந்தக் கொச்சின் கிளப் ஒரு முன்னோட்டம். எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல் முழுநேரத் தொழில்முறை அணியாக 1997இல் உருவானது, அதே ஆண்டில் டூரண்ட் கோப்பையை வென்றது, சம்பளம் கொடுக்க முடியாமல் ஐந்தாண்டுகளில் இல்லாமல் போனது.

சென்னையிலிருந்து இந்தியன் வங்கி இந்த லீக்கில் ஆடியது. சபீர் பாஷா அதன் நட்சத்திரம். பட்டங்கள் மட்டும் கொல்கத்தாவுக்கும் கோவாவுக்குமே போய்க்கொண்டிருந்தன. மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும் தலா மூன்று, டெம்போ இரண்டு, சல்கோகர் ஒன்று. நடுவில் 2005-06இல் மகிந்திரா யுனைடெட் வென்றது. ஒரு வண்டித் தொழிற்சாலையின் அணி தேசிய லீக்கை வென்ற ஒரே தடவை அது.

ஐ-லீக்கும் உரிமமும்

2007இல் லீக் ‘ஐ-லீக்’ எனப் பெயர் மாறியது. முதல் ஆறு பட்டங்களும் கோவா கிளப்புகளுக்கே. ஆனால் பட்டப் பட்டியலைவிட முக்கியமானது வேறு. கிளப் என்றால் தனிச் சட்ட உருவம், இளையோர் அணி, கணக்கு வழக்கு, தொழில்முறை ஒப்பந்தம் எல்லாம் வேண்டும் என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு வற்புறுத்தத் தொடங்கியது. வங்கியின் விளையாட்டுப் பிரிவும் விமான நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவும் இந்த அளவுகோலில் கிளப்பே அல்ல. மகிந்திரா 2010இல் அணியைக் கலைத்தது. 2011இல் ஜே.சி.டி.யும் மூடியது. எச்.ஏ.எல். 2012இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 2013இல் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் உரிமம் இல்லையென்று வெளியே நிறுத்தப்பட்டன.

இங்கே ஜப்பானை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கும் 1965 முதல் தேசிய லீக் முழுக்க நிறுவன அணிகளின் லீக்தான். 1993இல் ஜே லீக் வந்தபோது அந்த அணிகளைக் கலைக்கவில்லை. பெயரிலிருந்து நிறுவனத்தை எடுத்துவிட்டு ஊரைச் சேர்த்தார்கள்: மிட்சுபிஷியின் அணி உராவா ரெட்ஸ் ஆனது. வீரர், பயிற்சியாளர், மைதானம், முதலாளியின் பணம் எல்லாம் அப்படியே ஊர் அணிக்கு வந்து சேர்ந்தன. நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரின் பி.எஸ்.வி.யும் பிலிப்ஸ் தொழிலாளர் அணியாகப் பிறந்து ஊரின் அணியானதுதான். இந்தியாவில் ஐ.டி.ஐ.யை ‘தூரவாணிநகர் யுனைடெட்’ ஆக்கும் யோசனை யாருக்கும் எழவில்லை. பழையதைப் பூட்டிவிட்டு, நகரங்களை ஏலத்தில் விட்டார்கள்.

விதிவிலக்கு ஜாம்ஷெட்பூர். டாடா ஸ்டீல் 1987இல் அங்கே கால்பந்து அகாடமி தொடங்கியது. 2017இல் அதே ஊரின் பெயரில் சூப்பர் லீக் அணி. 2021-22இல் லீக் ஷீல்டு. டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து உண்டாக்கிய டைட்டன் ஓசூரில் இருக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நூறாண்டு நகரியத்துக்கும் ஐம்பதாண்டுத் தொழிற்பேட்டைக்கும் உள்ள தூரம் அது.

இந்தியன் சூப்பர் லீக்

2010 டிசம்பரில் சம்மேளனம் தன் வணிக உரிமைகளை ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸுக்கு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்குக் கொடுத்தது. அதிலிருந்து பிறந்த இந்தியன் சூப்பர் லீக் 2014 அக்டோபர் 12 அன்று கொல்கத்தாவில் எட்டு அணிகளுடன் தொடங்கியது. ஐ.பி.எல். அச்சில் வார்த்த அமைப்பு: நகரத்துக்கு ஓர் அணி, உரிமையாளராக நடிகரோ கிரிக்கெட் வீரரோ, கீழிறக்கம் கிடையாது. தொடக்கத்தில் களத்தில் ஆறு வெளிநாட்டவர், ஐந்து இந்தியர். 2017இல் வெளிநாட்டவர் ஐந்தாகவும் 2021இல் நான்காகவும் குறைந்தனர்.

தமிழ்நாட்டுக்கு அணி வந்த விதம் சுவையானது. 2014 ஏப்ரலில் பெங்களூரு அணியின் உரிமையைப் பெற்றது சன் குழுமம். சில மாதங்களில் அது விலகிக்கொண்டது. காலியான இடத்துக்குப் பெங்களூருக்குப் பதில் சென்னை வந்தது. அபிஷேக் பச்சனின் சென்னையின் எஃப்.சி. பிறந்தது. சென்னைக் குழுமம் ஒன்று பெங்களூருக்கு அணி எடுக்கப் போய், கடைசியில் மும்பை நடிகர் சென்னைக்கு அணி எடுத்ததாக முடிந்தது. அந்த அணி 2015இல் கோவாவை 3-2 என வென்று சாம்பியனானது.

பெங்களூருக்கு அதற்குள் வேறு அணி இருந்தது. ஜே.எஸ்.டபிள்யூ. 2013இல் தொடங்கிய பெங்களூரு எஃப்.சி., முதல் பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றது, 2016இல் மீண்டும் வென்றது, அதே ஆண்டு ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதிவரை போனது. 2017இல் சூப்பர் லீக்குக்கு மாறியது.

இரண்டு லீக்குகளும் சில காலம் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 2019இல் சூப்பர் லீக் முதல் நிலை என்று அறிவிக்கப்பட்டது. ஐ-லீக்கை வெல்பவர் மேலேறும் வழி திறந்து, 2023இல் பஞ்சாபும் 2024இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஏறின. இந்த வழி தாமதமாகத் திறந்ததால் இழப்பு யாருக்கு என்றால் கோயம்புத்தூருக்கு. அங்கே நேரு மைதானத்தில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2018-19 ஐ-லீக்கில் 43 புள்ளிகளுடன் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திச் சாம்பியனானது. பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். மேலேறும் விதி அப்போது இல்லை. சில ஆண்டுகளில் அந்த அணியே தேசிய லீக்கிலிருந்து மறைந்துவிட்டது.

ஓசூர் எல்லையில்

ஓசூரிலிருந்து பெங்களூரு ஸ்ரீகண்டீரவா மைதானம் சுமார் 40 கிலோமீட்டர். சென்னை நேரு மைதானம் 300 கிலோமீட்டருக்கு மேல். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்கும் ஊரில் எந்த அணிக்குக் கத்துவது என்பதைச் சில நேரம் மாநிலம் தீர்மானிக்கிறது, சில நேரம் பஸ் நேரம். 2018 மார்ச் 17 அன்று சூப்பர் லீக் இறுதி ஆட்டம் கண்டீரவாவிலேயே நடந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டி பெங்களூருவை முன்னிலைக்குக் கொண்டுபோனார். சென்னையின் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையாலேயே பதில் சொன்னார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். 3-2, கோப்பை சென்னைக்கு. அடுத்த ஆண்டு பெங்களூரு வென்றது.

எல்லையைக் கடப்பது ரசிகர்கள் மட்டுமல்ல. 2022-23 பருவத்தின் வளரும் வீரர் விருதைப் பெங்களூரு எஃப்.சி. சட்டையில் வாங்கிய சிவசக்தி நாராயணன், சிவகங்கை மாவட்டம் கண்டனூர்க்காரர். ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். அருமைநாயகம் காலத்துப் பாதை திசை மாறிவிட்டது. அன்று பெங்களூர்த் தமிழர் கொல்கத்தாவுக்குப் போனார். இன்று காரைக்குடிப் பக்கத்துப் பையன் கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருக்குப் போகிறான்.

மகளிர் லீக்

இந்தியன் விமன்ஸ் லீக் 2016-17இல் தொடங்கியது. மதுரையின் சேது எஃப்.சி. 2018-19இல் அதை வென்றது. அதற்கு முந்தைய பருவத்தில் தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை வென்று தேசியச் சாம்பியனாகியிருந்தது. அந்தத் தலைமுறையின் நடுக்கள வீரர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். அதாவது, ஆண்கள் ஆட்டத்தில் வழக்கொழிந்த பழைய ஏற்பாடு பெண்கள் ஆட்டத்தை இன்றும் தாங்குகிறது. இன்று ஓசூர் பக்கத்து மின்னணு ஆலைகளிலும் போச்சம்பள்ளி மின்ஸ்கூட்டர் ஆலையிலும் ஆயிரக்கணக்கில் வேலை செய்வது இளம்பெண்கள். விடுதியும் பேருந்தும் அவர்களுக்கு ஏற்பாடு செய்து தரப்படுகின்றன. அணி என்ற யோசனைக்கு இதைவிடத் தோதான இடம் மாநிலத்தில் அதிகம் இருக்காது.

2025 நெருக்கடி

பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிவதாக இருந்தது. புதுப்பிப்பு உறுதியாகாததால், லீக்கை நடத்திவந்த நிறுவனம் ஜூலையிலேயே 2025-26 பருவத்தை நிறுத்திவைத்தது. சம்மேளனத்தின் சட்டதிட்டம் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதன்மை அணியின் சம்பளத்தை நிறுத்தியது. அதே வாரம் சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளை நிறுத்தியது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேக்குப் போனவர் அந்த மாதமும் சம்பளம் வாங்கியிருப்பார். வணிக உரிமைக்கான ஒப்பந்தப்புள்ளிக்கு நவம்பரில் ஒருவரும் முன்வரவில்லை. 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா, 14 கிளப்புகளும் கலந்துகொள்ளும் சுருக்கப்பட்ட பருவம் பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என்று அறிவித்தார். ஒவ்வொரு அணியும் மற்றொன்றுடன் ஒரே ஒருமுறை மோதும் வகையில் மொத்தம் 91 ஆட்டங்கள்.