பழைய பெயரேட்டுக்கு வந்த புதிய வேலை

ஒரு வலைத்தளம் பழைய சர்வரை விட்டுப் புதிய சர்வருக்குக் குடிபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கங்கள், படங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து அங்கே சேர்த்தாயிற்று. ஆனால் தளத்தின் பெயர் இன்னும் பழைய சர்வரையே சுட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை மாற்றிய பிறகு புதிய இடத்தில் கோளாறு என்று தெரிந்தால்? சாமான்களை இறக்கி, உறவினரையும் அழைத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அறிவதைப் போன்ற சங்கடம் அது. பெயர் மாறுவதற்கு முன்பே, மாறிவிட்டதாகப் பாவித்து, நாம் மட்டும் உள்ளே போய்ப் பார்க்க ஒரு வழி வேண்டும். அந்த வழி, என்றோ கைவிடப்பட்ட ஒரு முறையின் மிச்சம் என்பதுதான் வேடிக்கை.

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர்களாகிய நமக்கோ பெயர் வேண்டும். அமெரிக்காவில் 1969-ல் தோன்றிய அர்ப்பாநெட் வலையில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலை ஒவ்வோர் இடத்தாரும் தாமே எழுதி வைத்துக்கொண்டனர். ஓரிடத்துப் பட்டியல் மற்றோரிடத்துப் பட்டியலோடு பொருந்தவில்லை. பல பட்டியல்கள் பழசாகிப் போயிருந்தன. இந்த அபத்தத்துக்கு முடிவு கட்ட வேண்டும் என்று பீட்டர் டாய்ச் என்பவர் 1973 டிசம்பரில் எழுதினார். அடுத்த மாதமே, கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தின் தகவல் மையம், பொதுப் பட்டியல் ஒன்றைப் பேண முன்வந்தது. எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் இயங்கிய மையம் அது. புதிய கணிப்பொறி ஒன்று வலையில் சேர்ந்தால் அங்கே தெரிவிக்க வேண்டும். அவர்கள் ஏட்டில் பதிவார்கள். மற்றவர்கள் அந்த ஏட்டை அவ்வப்போது பிரதி எடுத்துக்கொள்வார்கள். ‘ஹோஸ்ட்ஸ்’ என்பது அதன் பெயர்.

வலை சிறிதாக இருந்தவரை இது நன்றாகவே நடந்தது. பெருகியபோது, ஒரே ஏட்டை எல்லோரும் வந்து பிரதி எடுப்பதே பெரும் சுமையாயிற்று. பிரதி கைக்கு வருவதற்குள் ஏடு மறுபடி மாறியிருக்கும். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு மாற்றாக டொமைன் பெயர் முறையை வகுத்தார். ஒரே ஏடு என்பது போய், பொறுப்பு பலருக்குப் பங்கிடப்பட்டது. ஒரு பெயரின் எண்ணைக் கேட்டறிந்தவர், குறிப்பிட்ட காலம்வரை அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் அதிலேயே அமைந்தது.

நம் சங்கடத்தின் வேர் இந்த நினைவில்தான் இருக்கிறது. கெடு 86,400 வினாடி, அதாவது ஒரு நாள், என்று வைத்திருந்தால், நீங்கள் எண்ணை மாற்றிய பிறகும் சிலர் ஒரு நாள்வரை பழைய இடத்துக்கே போவார்கள். தவறு கண்டு திரும்ப மாற்றினாலும் அதே தாமதம்தான். அதனால்தான் விவரமறிந்தவர்கள் சில நாள் முன்னதாகவே கெடுவை 300 வினாடி என்று குறைத்துவிடுகிறார்கள்.

புதிய முறை வந்தபின் பழைய ஏட்டை அழித்துவிட்டார்களா என்றால், இல்லை. யூனிக்ஸ், விண்டோஸ், மேக் எதுவானாலும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறு கோப்பு இன்றும் உள்ளே கிடக்கிறது. வழக்கமாகக் கணிப்பொறி வெளியே கேட்பதற்கு முன் அதைத்தான் புரட்டிப் பார்க்கும். அதில் ‘192.0.2.10’ என்று புதிய சர்வரின் எண்ணையும், பக்கத்தில் தளத்தின் பெயரையும் எழுதிவிட்டால் போதும். உலகம் பழைய இடத்துக்குப் போகும். உங்கள் கணிப்பொறி மட்டும் புதிய இடத்துக்குப் போகும். ஊருக்கொரு பட்டியல் என்று 1973-ல் குறையாகச் சொல்லப்பட்டதே இங்கே குணமாகிவிடுகிறது!

எண்ணை மட்டும் தட்டிப் பார்த்தால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். தொடக்க காலத்தில் ஆகியிருக்கும். அப்போது தளத்துக்கொரு எண் இருந்தது. 1997 ஜனவரியில் வெளிவந்த ஹெச்.டி.டி.பி. 1.1 விதிகள், எந்தத் தளம் வேண்டும் என்பதைக் கோரிக்கையிலேயே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்றன. அதன்பின் ஒரே எண்ணில் நூறு தளங்கள் குடியிருக்கலாம் என்றாயிற்று. பெயர் சொல்லாமல் கதவைத் தட்டினால், சர்வர் யாரோ ஒருவர் வீட்டைக் காட்டும். பாதுகாப்புச் சான்றிதழும் பெரும்பாலும் பெயருக்கே தரப்படுகிறது.

இப்படி உள்ளே போனபின் முகப்பை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். கடவுச்சொல் ஏற்கப்படுகிறதா, படிவம் போய்ச் சேருகிறதா, மின்னஞ்சல் கிளம்புகிறதா என்று பாருங்கள். படங்கள் இன்னும் பழைய சர்வரிலிருந்தே வந்துகொண்டிருக்கலாம். பழையதை நிறுத்தும் நாளில்தான் அது வெளிப்படும். மேலும், நீங்கள் சோதித்துக்கொண்டிருக்கும் வேளையில் மக்கள் பழைய இடத்தில் புதிய பதிவுகளைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அவற்றைப் பெயர் மாற்றும் தறுவாயில் இன்னொரு முறை பிரதி எடுத்தாக வேண்டும்.

சோதனை முடிந்ததும் அந்த ஒரு வரியை மறக்காமல் அழித்துவிடுங்கள். விட்டுவைத்தால், பெயரை மாற்றும் நாளில் ஏதேனும் தவறு நேர்ந்திருந்தாலும் உங்கள் திரையில் மட்டும் எல்லாம் சரியாகவே தெரியும். இரண்டாண்டு கழித்துத் தளம் மறுபடி இடம் மாறும்போது, எல்லோரும் புதிய இடத்தைப் பார்க்க, நீங்கள் மட்டும் காலியான பழைய வாசலில் நிற்பீர்கள், டாய்ச் நொந்துகொண்ட அதே பழசாகிப் போன பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு.