கலிங்கத்தின் இரண்டு கணக்குகள்: அசோகர் கல்வெட்டும் கலிங்கத்துப்பரணியும்

கலிங்க மண்ணில் நடந்த இரண்டு போர்களைப் பற்றி இரண்டு புகழ்பெற்ற பதிவுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கி.மு. 261 வாக்கில் மௌரியப் பேரரசர் அசோகர் நடத்திய போரை அவருடைய 13-ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு சொல்கிறது. கி.பி. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் குலோத்துங்க சோழனுக்காகக் கருணாகரத் தொண்டைமான் நடத்திய போரைச் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பாடுகிறது. இரண்டும் வென்றவர் தரப்பு எழுத்துகள். கலிங்கத்தார் தம் வாயால் சொன்ன ஒரு சொல்லும் இவற்றில் இல்லை. ஆனாலும், வென்றவன் போரின் விலையை எப்படிக் கணக்கிடுகிறான் என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது தெளிவாகக் காணலாம்.

எதை எண்ணினார்கள்?

கல்வெட்டு எண்களோடு தொடங்குகிறது. 1,50,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர். 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். அதைப்போலப் பல மடங்கினர் மாண்டனர். எல்லாம் முழு ஆயிரங்களாக இருப்பதால் இதைத் துல்லியமான தலைக்கணக்கு என்று கொள்ள முடியாது. ஆனால் கணக்கின் அமைப்பு முக்கியமானது. களத்தில் வெட்டுண்டவர் ஒரு வரிசை, அதற்கு வெளியே செத்தவர் ஒரு வரிசை, ஊரை விட்டுப் பெயர்த்தெடுக்கப்பட்டவர் ஒரு வரிசை. வாள் படாமல் செத்தவரும் போரில் செத்தவரே என்பதை அரசனே ஒப்புக்கொள்கிறான்.

பரணி எண்ணுவது யானைகளை. போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவதே பரணி என்று பாட்டியல் நூல்கள் இலக்கணம் வகுத்தன. போருக்குக் காரணம், கலிங்க மன்னன் அனந்தவர்மன் திறை செலுத்தத் தவறியது. நூலின் உயிர்ப்பெல்லாம் பேய்களிடம் இருக்கிறது. போரில்லாத நாட்களில் பட்டினி கிடந்த பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் யானைக் கொம்பால் பல் விளக்குகின்றன, குருதியில் குளிக்கின்றன, பிணங்களின் தசையையும் நிணத்தையும் இட்டுக் கூழ் அடுகின்றன, வயிறார உண்டு சோழனை வாழ்த்துகின்றன. சந்தம் படிப்பவரைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த வேகத்தில், பானைக்குள் வேகிறவன் எந்தத் தாயின் பிள்ளை என்று கேட்கத் தோன்றுவதில்லை. தமிழின் ஓசை வளத்துக்கு இந்நூல் ஒரு சிகரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த வளம் எதை மறக்கச் செய்கிறது என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

உயிர் தப்பியவர்கள்

தப்பிப் பிழைத்தவர்களைப் பேசும் இடத்தில்தான் இரண்டு பதிவுகளும் எதிரெதிரே நிற்கின்றன. இந்த உயிரிழப்புகளை விடவும் அசோகரை வருத்தியது இது: கலிங்கத்தில் வாழ்ந்த பார்ப்பனர், சிரமணர், பிற நெறியினர், பெற்றோரையும் பெரியோரையும் பேணி நண்பரிடமும் பணியாளரிடமும் முறையோடு நடந்த இல்லறத்தார், இவர்களெல்லாம் காயத்தையும் சாவையும் அன்புக்குரியவரின் பிரிவையும் அனுபவித்தார்கள். தன் மேல் ஒரு கீறலும் படாதவன்கூட, உறவுக்கும் நட்புக்கும் நேர்ந்த கேட்டால் அடிபட்டவனே என்று கல்வெட்டு சேர்த்துச் சொல்கிறது. ஒரு பேரரசன் தன் வெற்றியைப் பற்றித் தானே இப்படிப் பொறித்து வைப்பது உலக வரலாற்றிலேயே அரிது.

பரணியில் உயிர் தப்பியோர் நகைச்சுவைப் பொருள். ஒருவன் வில்லின் நாணை மடித்துப் பூணூலாக மாட்டிக்கொண்டு, கங்கையாடப் புறப்பட்டவன் இடையில் அகப்பட்டுக்கொண்டேன் என்கிறான். சிலர் தலைமயிரைப் பறித்துவிட்டுச் சமணர் என்கிறார்கள். சிலர் குருதி தோய்ந்த துணியைப் போர்த்திக்கொண்டு பௌத்தத் துறவிகளாகிறார்கள். இன்னும் சிலர் யானையின் மணியைத் தாளமாக்கிப் பாணர் என்று கும்பிடுகிறார்கள். கேட்ட அவை சிரித்திருக்கும். அசோகர் எந்தப் பார்ப்பனருக்காகவும் சிரமணருக்காகவும் வருந்தினாரோ, அவர்களுடைய கோலமே இங்கே உயிர் பிழைக்கும் வேடம். சற்று முன்வரை அம்பு தொடுத்த நாணை நடுங்கும் கையால் மார்பில் மாட்டிக்கொள்பவனிடம் வீரமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. வீடு திரும்ப வேண்டும் என்ற ஒரே ஆசைதான் இருக்கிறது.

செயங்கொண்டார் இதை உணராதவர் அல்லர். களம் பாடும் பகுதியில் சில தாழிசைகளில் அவர் பெண்களைக் கொண்டுவருகிறார். ஒருத்தி கணவனின் உடலை உறுப்பு உறுப்பாகச் சொல்லிப் பைரவி என்னும் பெண்தெய்வத்திடம் விசாரித்துக்கொண்டு அலைகிறாள். இன்னொருத்தி கணவனின் உடல் நிலத்தைத் தீண்டாதபடி தன் கைகளில் ஏந்திக்கொண்டே உயிரை விடுகிறாள். கவிஞர் அதைக் கற்பின் பெருமையாகக் காட்டிவிட்டு அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிடுகிறார். என்றாலும், அத்தனை ஆரவாரத்துக்கு நடுவில் போரின் உண்மையான விலை எழுதப்பட்ட இடம் அதுவே. வெற்றியைப் பாட வந்த பெருங்கவிஞனாலும் அந்தப் பெண்ணை மறைக்க முடியவில்லை.

வருத்தத்தின் எல்லை

அசோகரைப் புகழ்ந்துவிட்டு இங்கேயே நிறுத்துவது நேர்மையாகாது. அவர் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிடித்துச் சென்றவர்களை ஊருக்கு அனுப்பியதாகக் கல்வெட்டில் பேச்சே இல்லை. வருத்தம் தெரிவிக்கும் அதே கல்வெட்டில், தண்டிக்கும் வலிமை தன்னிடம் இன்னும் இருப்பதாகக் காட்டுவாழ் மக்களை எச்சரிக்கிறார். எல்லாவற்றையும் விட, கலிங்கத்துக்குள்ளேயே இருக்கும் தவுளி, ஜௌகடா பாறைகளில் இந்த 13-ஆம் கல்வெட்டு பொறிக்கப்படவில்லை. அங்கே வேறு இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. மக்கள் எல்லோரும் என் பிள்ளைகள், அதிகாரிகள் யாரையும் காரணமின்றிச் சிறையிடக் கூடாது என்று அவை சொல்கின்றன. நல்லாட்சிக்கான வாக்குறுதிதான், ஆனால் மன்னிப்பு ஆகாது. ஷாபாஸ்கர்ஹியில் கரோஷ்டி எழுத்திலும் காந்தகாரில் கிரேக்க மொழியிலும் படிக்கக் கிடைத்த அந்த வருத்தம், யாருக்கு உரியதோ அவர்களின் கண்ணில் படவில்லை.

அப்படியிருந்தும் அந்தக் கல்வெட்டு ஒரு படி மேலே நிற்கிறது. தன் மகன்களும் கொள்ளுப்பேரன்களும் புதிய நாடுகளைப் படையால் வெல்ல நினைக்கக் கூடாது, அறத்தால் வெல்வதே வெற்றி என்று அது வருங்காலத்தைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறது. அந்த அறவெற்றி எட்டிய நாடுகளில் சோழரையும் பாண்டியரையும் குறிப்பிடுகிறது. 1,300 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, சோழப் பெயர் தாங்கிய படையே அதே கலிங்கத்தை எரித்தது. கல்லில் பொறித்த நல்லெண்ணம் அரசுகளைத் தானாகத் தடுப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகத் தன் முடிவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒப்பிட்டதில் கிடைப்பது

பரணி தன் தரப்பின் புகழை அளந்தது. எதிர்த்தரப்பின் துயரம் அதில் கசிந்து வந்தது. கல்வெட்டு எதிர்த்தரப்பின் துயரத்தை அறிந்தே அளந்தது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு. லட்சம் பேர் செத்த பின், அதில் நூற்றில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு இழப்பும் இனித் தாங்க முடியாதது என்றார் அசோகர். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கை முந்தைய ஆண்டே அவர் எண்ணிப் பார்த்திருந்தால், ஒன்றரை லட்சம் பேர் தம் வீட்டில் இருந்திருப்பார்கள்.

சமாதானத்தை மதிப்பது என்றால் இந்தக் கணக்கைப் போருக்கு முன்னால் போடுவதுதான். படை திரட்டுவோர் எல்லையையும் திறையையும் மானத்தையும் பற்றிப் பேசும்போது, எதிர்த்தரப்பில் உடல் தேடி அலையப்போகும் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு அரசவைகளுக்கு அரிதாகவே வந்திருக்கிறது. ஆகவே படிப்பவரும் எழுதுபவரும் வாக்களிப்பவரும் அதை உரக்கக் கேட்டாக வேண்டும்.