அதிதி அசோக்கின் 2016 குழிப்பந்தாட்டப் பருவம்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில் இந்தியப் பெண்களின் வரலாற்றை 2016-க்கு முன், 2016-க்குப் பின் என இரண்டாகப் பிரிக்கலாம். பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக் தம் முதல் தொழில்முறைப் பருவத்தை ஆடிய ஆண்டு அது. ஆண்டு தொடங்கும்போது அவருக்கு வயது 17. பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பையும் அதே ஆண்டில்தான் முடித்தார்.

பின்னணி

இந்தியாவில் இவ்விளையாட்டு ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றியது. கல்கத்தாவில் 1829-இல் தொடங்கப்பட்ட சங்கம் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் கொடைக்கானல் குழிப்பந்தாட்டச் சங்கம் 1895-இல் தோன்றியது. பெரும்பாலான மைதானங்கள் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்ததால், குடும்பத்தில் யாரும் ஆடாத வீட்டிலிருந்து ஒரு பெண் இவ்விளையாட்டுக்குள் நுழைவது அரிதாக இருந்தது.

பெண்களுக்கான தொழில்முறை ஆட்டம் இன்னும் பிந்தியே வளர்ந்தது. அமெரிக்காவில் 13 வீராங்கனைகள் சேர்ந்து எல்பிஜிஏ அமைப்பை 1950-இல் நிறுவினர். ஐரோப்பியப் பெண்கள் சுற்றுத்தொடரின் தொடக்கம் 1978. கொல்கத்தாவைச் சேர்ந்த சிமி மேஹ்ரா 1990-களில் எல்பிஜிஏ தொடரில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். பெண்களுக்கான இந்திய ஓப்பன் போட்டி 2007-இல் தொடங்கியது.

அதிதியின் வருகை

அதிதி 1998 மார்ச் 29 அன்று பிறந்தார். அவருடைய பெற்றோர் குழிப்பந்தாட்டக்காரர்கள் அல்லர். கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சித் திடலைப் பார்த்தபடி அமைந்த உணவகத்துக்குக் குடும்பத்துடன் சென்றபோதுதான், ஐந்து வயதுச் சிறுமிக்கு இவ்விளையாட்டில் ஆர்வம் பிறந்தது. தந்தை அசோக் குட்லமணியும் மகளோடு சேர்ந்தே ஆடக் கற்றார். 2011-இல், 13 வயதில், இந்தியத் தொழில்முறைத் தொடரின் ஒரு போட்டியை அமெச்சூராகவே வென்றார் அதிதி.

2015 டிசம்பரில் மொராக்கோவில் நடந்த ஐரோப்பியத் தொடருக்கான தகுதிப் போட்டியில் முதலிடம் பெற்றார். அதை வென்றவர்களில் மிக இளையவரும் முதல் இந்தியரும் அவரே. 2016 ஜனவரி 1 அன்று தொழில்முறை வீராங்கனையானார். இது திரும்பி வர எளிதல்லாத முடிவு. தொழில்முறைக்கு மாறியவர் அமெச்சூர் போட்டிகளில் ஆட முடியாது. பயணச் செலவு ஆடுபவரையே சாரும். முதல் இரண்டு, மூன்று சுற்றுகளுக்குப் பின் குறிப்பிட்ட இடத்துக்குள் வராதவருக்குப் பொதுவாகப் பரிசுப் பணமும் இல்லை.

ரியோ ஒலிம்பிக்

1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் பின் பெண்கள் குழிப்பந்தாட்டம் 116 ஆண்டுகள் கழித்து 2016 ஆகஸ்டில் ரியோவில் மீண்டும் இடம்பெற்றது. 18 வயது அதிதிக்குக் கோல்பையைச் சுமக்கும் 'கேடி'யாகத் தந்தையே உடன் நடந்தார். முதல் இரண்டு சுற்றுகளையும் 68 அடிகளில் முடித்து எட்டாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த இரண்டு சுற்றுகளில் முறையே 79, 76 அடிகள் ஆனதால் 41-ஆவது இடத்துக்குச் சரிந்தார். தென்கொரியாவின் இன்பீ பார்க் தங்கம் வென்றார். பதக்கம் கிட்டாவிட்டாலும், அந்த முதல் இரண்டு நாட்களில் இந்தியத் தொலைக்காட்சிச் செய்திகளில் பெண்கள் குழிப்பந்தாட்டம் முதன்முறையாகப் பெரிய அளவில் பேசப்பட்டது.

இரண்டு வாரங்களில் இரண்டு வெற்றிகள்

நவம்பரில் குருகிராமில் நடந்த பெண்கள் இந்திய ஓப்பன் போட்டி மூன்று சுற்றுகள் கொண்டது. ஒரு மைதானத்தின் 18 குழிகளையும் முடிக்க நிர்ணயிக்கப்பட்ட அடிகளின் எண்ணிக்கை 'பார்' எனப்படும். அதைவிடக் குறைந்த அடிகளில் முடிப்பவரே முந்துவார். மொத்தம் 213 அடிகளில், அதாவது பாருக்கு 3 குறைவாக முடித்த அதிதி, அமெரிக்காவின் பிரிட்டனி லின்சிகோமையும் ஸ்பெயினின் பெலன் மோசோவையும் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் முந்தினார். ஐரோப்பியத் தொடரில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பு அவருக்குக் கிடைத்தது.

சொந்த நாட்டு மைதானம் கைகொடுத்தது என்ற பேச்சுக்கு இடமில்லாதபடி, இரண்டு வாரங்களில் தோகாவில் கத்தார் ஓப்பனையும் வென்றார். நான்கு சுற்றுகளில் 273 அடிகள். பாருக்கு 15 குறைவு. வித்தியாசம் மூன்று அடிகள். பருவ முடிவில் தரவரிசையில் அமெரிக்காவின் பெத் ஆலனுக்கு அடுத்த இரண்டாம் இடமும், ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதும் பெற்றார். டிசம்பரில் எல்பிஜிஏ தகுதிப் போட்டியிலும் தேறி, 2017-இல் அமெரிக்கத் தொடருக்குச் சென்றார்.

விளைவுகள்

2019-இல் தீக்ஷா தாகர் தென்னாப்பிரிக்க ஓப்பனை வென்று, ஐரோப்பியத் தொடரில் பட்டம் பெற்ற இரண்டாவது இந்தியப் பெண் ஆனார். 2021-இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில், இம்முறை தாய் கேடியாக உடன்வர, அதிதி நான்காம் இடம் பெற்றார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஓர் அடி. 2023 ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்று, அப்போட்டிகளில் குழிப்பந்தாட்டப் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

எனினும் 2016 காட்டிய பாடம் பதக்கங்களோடு முடிவதில்லை. ஆடாத குடும்பத்தின் சிறுமி ஒருத்தி இவ்வளவு தூரம் வர, அவளுக்கு முதலில் தேவைப்பட்டது திறந்திருந்த ஒரு பயிற்சித் திடல். அத்தகைய திடல்கள் இன்றும் இந்திய நகரங்களில் குறைவாகவே உள்ளன.