முத்துப் பாரும் ஆழக் கணக்கும்

கடலின் மேற்பரப்பைக் கண்ணால் காண்கிறோம். அதன் அடித்தளத்தையோ அளந்துதான் அறிதல் வேண்டும். எல்லா இடத்தையும் அளத்தல் இயலாது. அவ்வாறாயின், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த ஆழங்களைக் கொண்டு, அளக்காத இடத்தின் ஆழத்தைக் கூறுவது எப்படி? முத்துக்குளித்துறையாகிய தூத்துக்குடிக் கரையில் இக்கேள்வி பிழைப்புக்கும் உயிருக்கும் உரியதாக இருந்தது.

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். தொலையிரம் பார், நாகரைப் பார் என அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அவற்றுள் பல 5 முதல் 10 பாகம் ஆழத்தில் கிடப்பவை. பாகம் என்பது விரித்த இரு கைகளின் அளவு. ஏறத்தாழ 6 அடி. பரதவ மக்களோடு காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் இத்தொழிலில் பங்குகொண்டனர்.

ஆழம் பார்க்கும் மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவர். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவினால் மணலோ சேறோ ஒட்டிவரும். ஒன்றும் ஒட்டாது வந்தால் கீழே பாறை என்று கொள்வர். ஆனால் பாரின் மேலும் கப்பல் வழியிலும் விழுந்த குண்டு, பயனற்றதெனக் கருதிய பரப்பில் விழவில்லை. எனவே அளவுகள் ஓரிடத்தில் செறிந்தும் ஓரிடத்தில் அருகியும் அமைந்தன.

இவ்விடைவெளியை நிரப்பும் கணக்கை எளிதாக விளக்கலாம். ஓரிடத்தில் ஆழம் 5 பாகம்; அங்கிருந்து 300 பாகம் தள்ளி 8 பாகம் எனக் கொள்வோம். முதல் இடத்திலிருந்து 100 பாகம் தொலைவில் ஆழம் 6 பாகம் இருக்கலாம் என்பது நேர்க்கோட்டுக் கணக்கு. தரை வளைந்து சென்றால் இது பொருந்தாது. முத்தைப் பற்றியும் விரிவாக எழுதிய பேரறிஞர் அல்பீரூனி, கி.பி. 1030 அளவில் இயற்றிய 'அல்கானூனுல் மஸ்ஊதி'யில், வேறுபாடுகளின் வேறுபாட்டையும் கணக்கிற் சேர்த்து அட்டவணையின் இடைமதிப்புகளைக் காணும் முறையைத் தந்தார். அது வானியலுக்காகச் செய்யப்பட்டது. எனினும் கருத்து ஒன்றே.

அளவுகள் சீராக அமையாதபோது, அருகிலுள்ள அளவுக்கு மிகுந்த மதிப்பும் தொலைவிலுள்ளதற்குக் குறைந்த மதிப்பும் தருவர். இதிலும் ஓர் இடர் உண்டு. பாரின் மேல் எடுத்த பத்து அளவுகளும் பக்கத்து மணற்பரப்பில் எடுத்த ஓர் அளவும் சேர்ந்தால், பத்தும் ஒன்றை அமுக்கிவிடும். மணற்பரப்பும் மேடாகத் தோன்றும். ஒரே இடத்தில் நின்று கண்ட பத்துப் பேரின் கூற்று, பத்து இடத்துச் சாட்சியம் ஆகுமா?

'கியாஸ்' என்னும் அரபுச் சொல்லை நாம் அறிவோம். அதன் அடிப்பொருள் அளத்தல். 15ஆம் நூற்றாண்டின் மாலுமி இப்னு மாஜித், விண்மீனின் உயரத்தை அளப்பதை அச்சொல்லாலேயே குறித்தார். சட்ட அறிஞர்களோ, அறிந்ததைக் கொண்டு அறியாததற்கு முடிவு காண்பதைக் கியாஸ் என்றனர். அளத்தலும் ஊகித்தலும் ஒரே சொல்லில் அடங்கின. ஆயினும் மூலச் சான்றையும் அதிலிருந்து பெற்ற முடிவையும் அறிஞர்கள் ஒன்றெனக் கொள்ளவில்லை.

கடலிலும் இப்பேதம் காக்கப்பட வேண்டும். 5 பாகத்துக்கும் 8 பாகத்துக்கும் நடுவே 2 பாக ஆழத்தில் ஒரு பாறை ஒளிந்திருக்கலாம். கணக்கு அதை அறியாது. கப்பலின் அடிப்பாகமே அறியும். ஆகவேதான் பழைய கடல் வரைபடங்களில் அளக்காத பகுதியை வெறுமையாகவே விட்டனர்.

1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. இக்கரையில் 1955இல் தொடங்கிய முத்துக்குளிப்பு வரிசை 1961உடன் ஓய்ந்தது. இன்று கப்பலிலிருந்து ஒலியைச் செலுத்தி, எதிரொலி மீளும் நேரத்தால் ஆழம் காண்கின்றனர். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். 15 மீட்டர் ஆழம் நொடியின் ஐம்பதில் ஒரு பங்கில் தெரிந்துவிடும். இத்தனை வசதி வந்தும், உலகக் கடற்றரையில் நேரே அளந்து வரைந்தது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். எஞ்சியது பெரும்பாலும் ஊகமே. 1903இல் தொடங்கிய உலகக் கடற்றரை வரைபடப் பணி, இன்று ஒவ்வொரு கட்டமும் அளந்ததா, ஊகித்ததா என்பதையும் உடன் குறித்து வெளியிடுகிறது.

நம் முதியோரிடம் பார்களைப் பற்றிய நினைவுகள் இன்னும் உள்ளன. அவற்றை எழுதிவைக்க முன்வருவோர், தாமே மூழ்கிக் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, நாமாக இட்டு நிரப்பியது எது என்பதைப் பிரித்து எழுதுக. வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். பின்வருவோர் அங்கே குண்டு இறக்கிப் பார்ப்பர்.