வாதத்தின் வரிசை: நன்னூல் முதல் பார்ன்ஸ் அறிக்கை வரை

"தாய்மொழிப் பள்ளிகள் நாட்டு ஒற்றுமைக்குத் தடையா?" தங்கா பத்து வட்டாரத்திலாயினும் மலாக்காவின் வேறெந்த ஊரிலாயினும் இத்தலைப்பைத் தந்து விவாதக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் எழுதுவர். முன்னுரை, 'முதலாவதாக', 'அடுத்ததாக', 'மேலும்' எனத் தொடங்கும் மூன்று பத்திகள், எதிர்த்தரப்புக்கு இறுதியில் ஒரு வரி, பிறகு முடிவுரை. தேர்வறையில் நேரம் குறைவு, வார்ப்பு கைகொடுக்கிறது. அதனைக் குறைகூற நாம் வரவில்லை. வாதத்திற்கு இஃதொன்றே வடிவம் என மாணவர் நம்பிவிடுவதுதான் நம் கவலை. தமிழின் வாத மரபில் வரிசை என்பது, எதிரில் இருப்பவர் எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்பதைப் பொறுத்தே அமைந்து வந்துள்ளது.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலுக்குரிய எழுவகை மதங்களைக் கூறுகிறது. இங்கு மதம் என்பது சமயமன்று. நூலாசிரியன் கொள்ளும் நிலைப்பாடு. பிறர் கொள்கைக்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களையலாம், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபடுமிடத்தில் ஒன்றைத் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் ஒட்டாமல் தன் கொள்கையையே கொள்ளலாம். இவை நூலுக்குச் சொல்லப்பட்டவை, இரண்டு பக்கக் கட்டுரைக்கு அல்லவே என்று மாணவர் ஒருவர் மறுக்கக்கூடும். மறுத்தால் மகிழ்வோம், அவர் இரண்டாம் மதத்தைக் கைக்கொண்டுவிட்டார்.

ஒரு கூற்றை உள்ளே எவ்வாறு கட்டுவது என்பதற்கு மணிமேகலை பழைய சான்று. அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியைக் கற்பிக்கையில், மலையில் தீ உண்டு என்பதைப் பக்கமாகவும், புகை தெரிவதை ஏதுவாகவும், அடுக்களையை எடுத்துக்காட்டாகவும் வைக்கிறார். உபநயம், நிகமனம் என இன்னும் இரண்டு உறுப்புகள் உண்டு. அவை எடுத்துக்காட்டிலேயே அடங்கும் என்பது அங்குக் கூறப்படும் கொள்கை. சொன்னதையே திரும்பச் சொல்லும் முடிவுரைகளைத் திருத்தித் திருத்திக் களைத்த ஆசிரியர்கள் இதனைப் படித்தால் ஆறுதல் அடைவர்.

சைவ சித்தாந்த நூல்களில் இதனினும் தெளிவான காட்சி ஒன்றுண்டு. மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு நூற்பாக்களாக அமைத்து, அவற்றை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் விளக்கினார். தன் கொள்கையை முதலில் நாட்டும் வரிசை இது. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் அதே கொள்கையைச் சிவஞான சித்தியாரில் எடுத்துரைத்தபோது வரிசையை மாற்றினார். முதற்பகுதியான பரபக்கத்தில் உலகாயதர், பௌத்தர், சமணர் முதலிய பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாகக் கூறி மறுத்துவிட்டு, அதன் பின்னரே சுபக்கத்தில் தம் கொள்கையை விரித்தார். ஆசிரியர் கேட்க வந்தவருக்குச் சொன்னார், மாணவரோ மறுக்க வந்தவரையும் எண்ணி எழுதினார் என்று நாம் கருதுகிறோம். கொள்கை ஒன்றாயிருக்க வரிசை இரண்டானது இதனால்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் 1896இல் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக வளர்த்த முதல் முயற்சியாக அது கருதப்படுகிறது. பால்மரம் பரவியபோது தமிழ்த் தொழிலாளரும் பெருகினர். அவர்தம் பிள்ளைகளுக்குத் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. 1951இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக மலாயும் ஆங்கிலமும் பயிற்றும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. அக்குழுவில் மலாய்க்காரரும் ஐரோப்பியருமே இருந்தனர்.

அன்று தமிழ்ப் பள்ளிக்காக வாதிட முன்வந்த ஒருவர் தமிழின் தொன்மையிலிருந்து தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிர்த்தரப்பு தொன்மையை மறுக்கவேயில்லை. பல இனத்தார் ஒரே நாட்டினராவது எவ்வாறு என்பதே அதன் கேள்வி. அதே ஆண்டில் சீனப் பள்ளிகளை ஆராய்ந்த ஃபென், வூ இருவரின் அறிக்கை இதனை உணர்ந்திருந்தது. மலாயா நாட்டுணர்வு வேண்டும் என்பதை அது ஏற்றது. அதற்கு ஒரே மொழிவழிக் கல்வி வேண்டும் என்பதை மறுத்தது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் இவ்விரண்டையும் பிரித்தே பார்த்தது. தொடக்கப்பள்ளிகள் வெவ்வேறு மொழிகளில் இயங்கலாம், பாடத்திட்டம் பொதுவாக இருக்க வேண்டும் என்றது. தேசிய மொழியே முதன்மைப் பயிற்றுமொழியாக வேண்டும் என்னும் இறுதி இலக்கையும் அவ்வறிக்கை குறித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பின் நோக்கத்திற்கு முதலில் உடன்பட்டு, வழியை மட்டும் மறுக்கும் இவ்வரிசையை மேற்சொன்ன தலைப்புக்கு நாம் பரிந்துரைப்போம். மூன்று நல்ல காரணங்களுக்குப் பின் ஒரு வரி மறுப்பை ஒட்டவைப்பதைவிட இது வலுவானது.

ஆயினும் இவ்வரிசையும் எங்கும் செல்லாது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்னும் வழக்கில், அவை முரணல்ல என்று 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு, அதிகாரப்பூர்வ நோக்கத்திற்கல்லாமல் பிற மொழிகளைப் பயன்படுத்துவதையும், அவற்றைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கலாகாது என்கிறது. ஆகவே அப்பள்ளிகள் பொது அதிகார அமைப்புகளா என்னும் வினா முதன்மை பெற்றது. அல்ல என்று உயர் நீதிமன்றம் கண்டது. அங்கு ஒரு சொல்லின் பொருளை வரையறுப்பதே வாதத்தின் முதற்படியாயிற்று.

வகுப்பில் இத்தலைப்பைத் தரும் ஆசிரியர், கட்டுரைச் சட்டகத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், 'தடை' என்னும் சொல்லுக்குத் தாம் கொள்ளும் பொருளை மாணவர் ஒவ்வொருவரையும் ஒரு வரியில் எழுதச் சொல்லிப் பார்க்கலாம். ஒற்றுமை வேண்டும் என்பதில் எதிர்த்தரப்போடு ஒத்துப்போகிறவர் யார், அச்சொல்லிலேயே மாறுபடுகிறவர் யார் என்பது அவ்வரியில் தெரிந்துவிடும். இவ்விருவருக்கும் ஒரே சட்டகம் பொருந்தாது.